மே கடைசியில் குமரி: இரண்டு நாள் போதுமா?

2025 மே 3, கோவை வாசகர் ஒருவர் கேட்டது

"மே 30, 31 இரண்டு நாள் கன்னியாகுமரி வருகிறோம். நானும் மனைவியும், அம்மா, இரண்டு பிள்ளைகள். முனையில் ஓட்டல் போட்டாச்சு. காலையில் சூரிய உதயம், பகலில் பாறைக்குப் படகு, சாயங்காலம் கடலில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. மறுநாள் திற்பரப்பில் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பு. மாவட்டத்தில் வேறு பார்க்க ஒன்றுமில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சரிதானா?"

மே 4

அலுவலகத்தில் சொன்னவர் முனையைத் தாண்டிப் போயிருக்க மாட்டார், அதை விடுங்கள். திட்டத்தில் முதல் ஓட்டை இதுதான்: மே 30 அன்று கன்னியாகுமரியில் நின்றால் சூரியன் கடலில் மறையாது.

உதயம் வருஷம் முழுக்கக் கடலில்தான். மறைவு அப்படியில்லை. முனையிலிருந்து மணக்குடி, முட்டம் என்று மேற்கே போகிற கரை நேர்மேற்கே போவதில்லை, கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகிறது. மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கே இறங்கும். அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். சித்திரை பாதி தாண்டிவிட்டால் வடமேற்கே நகர்ந்துவிடும். அங்கே கரை, தென்னை, கட்டடம். ஆவணி பாதி வரை இதே கதைதான். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் செல்பேசியைக் கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்பார்கள், சூரியன் வலதுபுறம் கட்டடங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளூர்க்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். சுண்டல் விற்க வேண்டுமே.

முட்டம் போங்கள். முட்டத்துக்கு அப்புறம் கரை குளச்சல் பக்கமாக நன்றாக வடக்கே திரும்பிவிடுகிறது. அதனால் எந்த மாதம் போனாலும் அங்கே கடலில்தான் மறையும். கலங்கரை விளக்கம், பெரிய பெரிய பாறைகள், செம்மண் என்று இடமும் முனையை விட அழகு. என் கணக்கில் மாவட்டத்தின் சாயங்காலம் முட்டத்துக்குச் சொந்தம், காலை கன்னியாகுமரிக்கு.

மே 4, இரவு

மேகம் இருந்தால் முட்டமும் கைவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மே 6

திற்பரப்புக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மே மாதம் விருந்தாளி வராத வருஷமே கிடையாது. வருகிற எல்லோரும் சோப்பும் துண்டுமாகத் திற்பரப்புக்குத்தான் கிளம்புவார்கள். அங்கே போய்ப் பார்த்தால் சில மே மாதங்களில் பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும், ஓரத்தில் ஒரு குழாய் அளவுக்குத் தண்ணீர் விழும், அதன் அடியில் நூறு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். திரும்பி வரும்போது காரில் யாரும் பேச மாட்டார்கள்.

அருவியின் மேல் குறை இல்லை. அது கோதையாற்றில் இருக்கிறது. மேலே பேச்சிப்பாறை அணை. அணையில் தண்ணீர் நிறைந்து மறுகால் திறந்தால் அருவி ஆர்ப்பரிக்கும், உடனே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அணை வற்றினால் அருவியும் இளைத்துவிடும். குளிக்கத் தோதானது இரண்டுக்கும் நடுவில் வருகிற காலம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை எப்போதாவது ஒரு நல்ல இடைவெளி கிடைத்துவிடும். மார்ச், ஏப்ரல், மே அப்படி இல்லை.

நான் இந்த ஊரில் சுற்றிக் கண்டுகொண்டது ஒன்றுதான்: எந்த இடம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். தவறான மாதத்தில் போனால் குமரி மாவட்டம் வெறும் வாகன நெரிசல்.

மே 7

ஒருவர் "குற்றாலம் மாதிரி இருக்குமா" என்று கேட்கிறார். இருக்காது. திற்பரப்பு உயரம் சுமார் 50 அடி, அகலம் அதிகம். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் குற்றாலத்தை விட இதுதான் லாயக்கு. அருவிக்கு மேலே ஆற்றுப்படுகை முழுக்க ஒரே பாறையாகக் கிடக்கும், தடுப்பணையில் படகு விடுவார்கள். பக்கத்திலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களை "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டே ஓடித் தரிசிக்கிற சிவாலய ஓட்டத்தில் இதுவும் ஒன்று. சிவன் கோயிலுக்கு ஓடும்போது ஏன் கோவிந்தா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது, அது தனி இழை.

மே 9

கடலில் குளிக்கிறது பற்றி நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "சொத்தவிளை, சங்குத்துறை எல்லாம் கூட்டம் இல்லாத கடற்கரை, தைரியமாக இறங்கலாம்." இதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரைக்குக் கள்ளக்கடல் வரும். பெயரே சொல்லும், திருடன் மாதிரி வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், சில நாட்களுக்கு முன் அடித்த புயல்காற்று கிளப்பிவிட்ட நீள அலைகள் நடந்து நடந்து நம் கரைக்கு வந்து ஏறும். அமைதியாக இருந்த கடல் ஒரே இழுப்பில் இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறவரைக் கொண்டுபோய்விடும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள். அந்த நாளில் எச்சரிக்கை இருந்தது.

எச்சரிக்கையை ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசு மையம் கொடுக்கிறது. செய்தியில் வரும், கரையோர ஊர்களில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். அதைப் பார்க்காமல் மே மாதம் கடலில் கால் வைக்க வேண்டாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற மீனவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வாயால் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடும்.

முட்டத்துப் பாறைகளுக்கும் இதுவே. ஈரமான கருப்புப் பாறையில் படம் எடுக்க ஏறுவது வேண்டாம்.

மே 9, சற்றுப் பிறகு

லெமூர் என்ற பெயரைப் பார்த்ததும் ஒருவர் குமரிக்கண்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐயா, கோவைக்காரர் இரண்டு நாளுக்கு வருகிறார், அவருக்கு மூழ்கிய கண்டத்தைச் சுற்றிக்காட்ட நேரமில்லை.

மே 12

இன்று சித்திரா பௌர்ணமி, முனையில் கூட்டம் அலை மோதும். சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், உலகிலேயே இங்கு மட்டும்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

உலகிலேயே என்பது நம் ஊர்ப் பாசம். பௌர்ணமி என்றாலே சூரியனுக்கு நேர் எதிரே நிலா இருக்கும். அதனால் எந்தப் பௌர்ணமியிலும் எந்த ஊரிலும் மேற்கே சூரியன் இறங்குகிற நேரத்தையொட்டிக் கிழக்கே நிலா ஏறும். இரண்டு பக்கமும் மறைப்பு இல்லாத இடம் வேண்டும், அவ்வளவுதான். நமக்கு அந்த இடம் வாய்த்திருக்கிறது. நின்ற இடத்தில் தலையைத் திருப்பினால் போதும்.

இன்னொன்று. சித்திரைப் பௌர்ணமியில் சூரியன் கரைப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது, மேலே சொன்ன அதே காரணம். இரண்டும் கடலிலேயே நடக்க வேண்டுமென்றால் தைப்பூசத்தையொட்டிய பௌர்ணமிக்கு வாருங்கள். சூரியன் தென்மேற்குக் கடலில், நிலா கிழக்குக் கடலில். கூட்டமும் சித்திரை அளவுக்கு இருக்காது. சித்திரைக்கு வருகிறவர்கள் திருவிழாவுக்காக வருகிறார்கள், அதுவும் நல்ல காரணம்தான்.

மே 13

"இந்தியாவின் தென்கோடி" என்று நேற்றைய பதிலில் ஒருவர். நிலப்பகுதியின் தென்கோடி என்று சொன்னால் சண்டையில்லை. நாட்டின் தென்கோடி கிரேட் நிக்கோபாரில் இருக்கிற இந்திரா முனை.

மே 15

படகு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள்தான். விடுமுறை நாளில் வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நிற்கும், அம்மாவை நிற்க வைக்க வேண்டாம். காலையில் உதயம் பார்த்த கையோடு, இட்லிக்குக்கூடப் போகாமல் வரிசைக்குப் போய்விடுவது நல்லது.

முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு வள்ளுவரைத் தூரத்தில் இருந்தே கும்பிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். வள்ளுவர் நிற்கிற பாறையைச் சுற்றி ஆழம் குறைவு, கீழே கல். கடல் தாழ்ந்துவிட்டால் படகு ஒட்ட முடியாது. 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கட்டும்போது எனக்குப் பிடிக்கவே இல்லை. கடலுக்கு நடுவில் எதற்கு இந்த ஆடம்பரம் என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பினேன். ஆனால் முழங்கால் வலிக்காரியான என் மாமியார் ஒரே படகுப் பயணத்தில் இரண்டு பாறையையும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கண்ணாடி மேல் நடக்க அவர் மாட்டேன் என்றுவிட்டார், ஓரமாகவே நடந்தார்.

ஓட்டல் போட்டாச்சு என்றீர்களே, "கடல் பார்த்த அறை" என்று எழுதியிருந்தால் எந்தச் சன்னலில் இருந்து என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். என் தம்பிக்கு ஒரு விடுதியில் கொடுத்த அறையில் குளியலறைச் சன்னலைத் திறந்து நாற்காலி மேல் ஏறினால் கடல் தெரிந்தது.

மே 17

பறவை பார்க்க வேண்டும் என்று சென்னையில் இருந்து ஒருவர் நடுவில் நுழைந்திருக்கிறார். மே மாதத்தில் என்றால் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் நாள் முழுக்கச் சொல்வேன்.

சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற சாலையிலேயே சுசீந்திரம் குளம் இருக்கிறது, பேருந்து சன்னலிலேயே பார்க்கலாம். தாணுமாலயன் கோயிலுக்கு வருகிற ஆயிரம் பேரில் பத்துப் பேர்கூடக் குளத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீலத் தாழைக்கோழி எல்லாம் அங்கேயே நிற்கும். புத்தளம் உப்பளத்துப் பக்கம் பூநாரை வரும். மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிற இடத்தில் அலையாத்தி மரங்கள் உண்டு. அங்கே இருந்த பாலத்தை 2004 ஆழிப்பேரலை தூக்கிப் போட்டுவிட்டது, பிறகு புதிதாகக் கட்டினார்கள்.

இந்தக் குளங்கள் எல்லாம் பாசனக் குளங்கள். மலையில் பெய்கிற மழையும் அணையில் திறக்கிற தண்ணீரும் வாய்க்கால் வழியாக வந்து இவற்றை நிரப்புகின்றன. அணையை வழக்கமாக ஜூன் 1 அன்று கன்னிப்பூ என்கிற முதல்போக நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அருவி, குளம், பறவை, வயல் எல்லாவற்றுக்கும் சாவி அந்த மதகில் இருக்கிறது. அதனால்தான் மாதத்தைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மே 19

மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கேட்டவருக்கு: கட்டாயம் போங்கள். பறளியாற்றுக்குக் குறுக்கே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பட்டணங்கால் வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகிற தொட்டி. 115 அடி உயரம், 28 தூண்கள், 1966-ல் முடித்தார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் காமராசர் காலத்தில் எடுத்த வேலை. "ஆசியாவிலேயே" என்று அங்கே யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு நடந்துவிடுங்கள்.

தொட்டியின் ஓரமாகவே நடைபாதை. ஒரு பக்கம் ஆழத்தில் ஆறும் தென்னந்தலைகளும் ரப்பர் தோட்டமும், இன்னொரு பக்கம் தொட்டிக்குள் ஓடுகிற தண்ணீர். அணை அடைத்திருக்கிற மாதங்களில் தொட்டி காலி, கீழே போட்ட காகிதக் கப்பைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்போதும் உயரம் உயரம்தான். என் அண்ணன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பிக் கூட்டிவரப் பட்ட பாடு தனி.

அங்கிருந்து பேச்சிப்பாறை பக்கம்தான். 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த அணை, திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணையருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். நாஞ்சில் நாட்டில் சோறு தின்கிறவன் ஒரு தடவையாவது அந்தக் கல்லறைப் பக்கம் போக வேண்டும் என்று என் அப்பா சொல்வார்.

மே 20

மேல் கோதையாறு போகலாமா? போக முடியாது, வனத்துறை அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள். 2023 ஜூனில் தேனியில் பிடித்த அரிக்கொம்பன் யானையை அந்தப் பக்கத்துக் காட்டில்தான் கொண்டுவிட்டார்கள். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சின்ன மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு வன உயிரினச் சரணாலயம். 2008-ல் அறிவித்தது, 402 சதுர கிலோமீட்டர். புலி உண்டு, யானை உண்டு. காடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் போங்கள். வனச்சாவடியில் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும், பிளாஸ்டிக் பையை அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஓடை, கூழாங்கல், காளி கோயில். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். மலையில் மழை என்றால் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம், மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை கலங்கி ஏறிவிடும்.

உலக்கை அருவிக்குக் கொஞ்ச தூரம் நடை. அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

மே 22

முனையில் விற்கிற வண்ண மணல் பொட்டலத்தைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டதாம். சாயம் பூசியது கலந்து விற்பதும் உண்டு. ஆனால் கரையில் இயற்கையாகவே சிவப்பும் கருப்பும் கிடக்கிறது. சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். குமரி அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கோயில் கதை. பிள்ளைக்கு இரண்டையும் சொல்லுங்கள், எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

மே 25

எல்லாம் தலைகீழ். நேற்றே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. வழக்கமாக ஜூன் 1. இத்தனை சீக்கிரம் வந்தது 2009-க்குப் பிறகு இப்போதுதான். இங்கேயும் வானம் மூடிவிட்டது, மலையே தெரியவில்லை.

கோவைக்காரருக்கு முட்டம் முட்டம் என்று மூன்று வாரமாகப் பாடியது நான்தான். இந்த மேகத்தில் முட்டத்தில் என்ன தெரியும், சாம்பல்தான். ஆனால் காய்ந்து கிடக்கும் என்று சொன்ன அருவிக்கு உயிர் வந்துவிடும். ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கொடுக்கிறது மழை.

மே 26

"வரவா, வேண்டாமா, தெளிவாகச் சொல்லுங்கள் அண்ணே" என்று கேட்டிருக்கிறார்.

வாங்க. மழையில் இந்த மாவட்டம் பார்க்காதவன் பாதிதான் பார்த்தவன். ஆனால் இரண்டு நாளையும் திருப்பிப் போடுங்கள். உதயம், மறைவு இரண்டையும் திட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள், கிடைத்தால் லாபம். படகு காற்றைப் பொறுத்து நிற்கலாம், ஓடினால் முதல் படகில் போய்விட்டு வாருங்கள். கடலில் இறங்குவது கிடையவே கிடையாது.

வெள்ளிக்கிழமை முனை, வட்டக்கோட்டை, சுசீந்திரம். வட்டக்கோட்டை மதில் மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மேகம் மலையில் இறங்குவதை அங்கிருந்து பார்க்க நன்றாக இருக்கும். காற்று பலமாக இருக்கும், குடை நிற்காது, மழைக்கோட்டு எடுத்து வாருங்கள்.

சனிக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர், திற்பரப்பு, இந்த வரிசையில். மூன்றும் ஒரே பக்கம். திற்பரப்பில் தடை இருந்தால் குளிக்காமல் நின்று பாருங்கள், பொங்கி விழுகிற அருவியைப் பார்ப்பது குளிப்பதற்குக் குறைவில்லை. இதை உங்கள் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

மே 26, மறுபடி

எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: எந்தப் பழக்கடையிலும். விரல் நீளம்தான் இருக்கும், மணம் தூக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலையும் தூக்கிவிட்டது.

மே 27

கடைசிக் கேள்வி, அம்மாவுக்கு அரண்மனை ஒத்துவருமா? செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மரப்படிகள் செங்குத்து, குறுகல், ஏறினால் திரும்பி வர முடியாமல் ஒரே வழியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் அவரை முன்முற்றத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை, நீங்கள் போவது சனிக்கிழமை, அதனால் தொல்லை இல்லை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசுதான் அதைப் பராமரிக்கிறது, அறிவிப்புப் பலகையில் மலையாளத்தைப் பார்த்து எல்லை தாண்டிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம்.